இயல் 6: ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு இணையத்துக்குள் இறங்குவது எப்படி?

தேடுபொறியில் 'குற்றாலம்' என்று தட்டுங்கள். சீசன் தொடங்கிவிட்டதா, பேரருவியில் குளிக்கத் தடை உண்டா, எந்த லாட்ஜில் அறை கிடைக்கும், எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஜூன் மாதம் பஸ் ஏறப்போகிறவருக்கு இவை வேண்டியவைதான். ஆனால், 1830-களில் இந்த மலையில் ஏறிய ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர் சேகரித்த செடிகளின் ஓவியங்களும் இதே இணையத்தில் இருக்கின்றன. தென்காசிப் பாண்டியரின் கல்வெட்டுகளும், ஆரியங்காவுக் கணவாய் வழியே ஓடிய மீட்டர் கேஜ் ரயிலின் படங்களும் இருக்கின்றன. எல்லாம் இலவசம். எவரும் திறந்து பார்க்கலாம். தேடலின் முதல் பக்கத்தில் மட்டும் அவை வருவதில்லை.

அவற்றைத் தேடிப் போகும் முறையை இந்த இயல் சொல்கிறது. முறை எளிது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உள்ள ஒவ்வொரு காப்பகத்தின் வாசலிலும் போய் அந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'நீங்கள் அறியாத 50 விநோதத் தளங்கள்' போன்ற பட்டியல்கள் ஒரே மாலையில் அலுத்துவிடும். அங்கே நமக்கென்று ஒரு கேள்வி இல்லாததுதான் காரணம். ஊரைப் பற்றிய கேள்வியோடு போகிறவருக்கு ஒரு தளம் அடுத்த தளத்தைக் காட்டிக்கொடுக்கும். இங்கே தென்காசியும் குற்றாலமும் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் வேறானால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தில் ஏன் வருவதில்லை?

மூன்று காரணங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று: பழைய நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்ட படங்களாக இருக்கின்றன. ஆங்கில அச்சைக் கணினி ஓரளவு சரியாகப் படித்து எழுத்தாக மாற்றிவிடும். பழைய தமிழ் அச்சில் அது நிறையத் தடுமாறும். எழுத்தாக மாறாத பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குத் தெரியாது.

இரண்டு: அருங்காட்சியகங்கள், தாவரவியல் பூங்காக்கள், நூலகங்கள் ஆகியவற்றின் தரவுத்தளங்கள் தங்களுக்கென்று ஒரு தேடல் பெட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பெட்டியில் நாம் தட்டிய பிறகுதான் பக்கமே உருவாகிறது. பொதுத் தேடுபொறி அங்கே போய்த் தட்டுவதில்லை.

மூன்று: யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டாம், டாப் போன்ற குறியேற்றங்களில் இருக்கின்றன. இன்று நீங்கள் தட்டும் 'குற்றாலம்' கணினியின் கண்ணுக்கு அந்தப் பக்கத்து 'குற்றாலம்' ஆகாது.

ஆகவே, பொதுத் தேடுபொறியில் ஒருமுறை தேடிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. ஒவ்வொரு தொகுப்புக்குள்ளும் போய், அதன் சொந்தப் பெட்டியில் கேட்க வேண்டும்.

முதல் வேலை: பெயர்ப் பட்டியல்

தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஊரின் பெயர்களை எல்லாம் எழுதுங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய ஆவணம் இன்றைய எழுத்துக்கூட்டலில் இருக்காது.

குற்றாலத்துக்கு ஆங்கிலேயர் வைத்த எழுத்துக்கூட்டல் இன்றும் ஊர்ப் பலகைகளில் இருக்கிறது: சி, ஓ, யூ, ஆர், டி, ஏ, எல், எல், ஏ, எம். தாவரவியல் நூல்களில் கடைசி 'ஏ' இருக்கும் இடத்தில் 'யூ' வரும். இந்த ஓர் எழுத்தை மாற்றாமல் தேடினால் செடிகளைப் பற்றிய பதிவுகளில் பெரும்பகுதி கைக்கு வராது. இவற்றோடு 'கே'-யில் தொடங்கும் இன்றைய எழுத்துக்கூட்டலையும், ஒரு 'எல்' குறைந்தும் கூடியும் வரும் வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி பழைய நூல்களில் 'டின்னவெல்லி'. பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா'. செங்கோட்டை 'ஷென்கோட்டா'.

அடுத்து, ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று எழுதுங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெரும்பாலான ஆவணங்களில் அது திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருக்கும். செங்கோட்டை விஷயம் இன்னும் முக்கியம். 1956 நவம்பர் 1 வரை அது முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எனவே தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள செங்கோட்டையின் பழைய செய்திகளைச் சென்னை ராஜதானி ஆவணங்களில் தேடினால் ஏமாற்றம்தான். 1906-ல் வந்த நாகமய்யாவின் திருவிதாங்கூர் மானுவலைத் திறக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் ஊருக்குக் குறைந்தது ஐந்து எழுத்துக்கூட்டல்களும், அது மாறி மாறி இருந்த மாவட்டம், தாலுகா, சமஸ்தானத்தின் பெயர்களும் ஒரு தாளில். இனி வரும் எல்லாத் தேடலுக்கும் அந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

செடிகளின் வழி

குற்றாலத்தைப் பற்றி இணையத்தில் உள்ளவற்றில் மிக அழகானவை தாவரவியல் பக்கங்களில்தான் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1830-களில் பாளையங்கோட்டையில் இருந்தபோது குற்றால மலையில் செடிகள் சேகரித்தார். பிறகு அவர் வெளியிட்ட பெரிய படத்தொகுதிகளில் ஒன்று 'ஐகோன்ஸ்'. 1853-ல் அது முடிந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட படத்தகடுகள் சேர்ந்திருந்தன. அந்தச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். அந்தப் பேரினம் இன்று வேறொரு பெயருக்குள் அடங்கிவிட்டது. ஆனால் பழைய பெயரைத் தேடினால் கோவிந்து இன்றும் அகப்படுவார்.

இவற்றைப் பார்க்க 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' தளத்துக்குப் போங்கள். உலகின் இயற்கை அறிவியல் நூலகங்கள் பல சேர்ந்து தங்கள் பழைய நூல்களை ஏற்றிவைத்திருக்கும் இடம் அது. செய்ய வேண்டியவை:

1. தேடல் பெட்டியில் 'யூ' போட்ட பழைய எழுத்துக்கூட்டலைத் தட்டுங்கள்.
2. முடிவுகளில் நூலின் தலைப்பைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நூலுக்குள் தேடும் வசதியைத் திறந்து, எந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயர் வருகிறது என்று பாருங்கள். 'குற்றாலம், பூப்பது ஜூலை, ஆகஸ்ட்' என்ற வகையில் இடமும் பருவமும் சேர்ந்த குறிப்புகள் கிடைக்கும்.
3. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், அந்தப் பக்கத்தில் வரும் தாவரப் பெயர்களைத் தளமே பட்டியலிட்டுக் காட்டும். அதில் ஒன்றைத் தொட்டால், அதே செடி வேறு எந்தெந்த நூலில் வருகிறது என்று தெரியும்.
4. அந்தச் செடியின் பெயரை எடுத்துக்கொண்டு 'ஜிபிஃப்' தளத்துக்குப் போங்கள். உலகம் முழுவதும் பதிவான உயிரினங்களின் பொதுத் தரவுத்தளம் இது. லண்டன் கியூ பூங்கா, எடின்பரோ பூங்கா முதலிய இடங்களில் அழுத்திக் காயவைத்து ஒட்டப்பட்ட செடித் தாள்களின் பதிவுகளையும் இங்கே தேடலாம். பல தாள்களுக்குப் படமும் உண்டு.

ஒரு தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழ் மூலையில் ஒட்டிய துண்டில் கையெழுத்தில் இடம், மாதம், சேகரித்தவர் பெயர் இருக்கும். நம் மலையில் முளைத்த ஒரு செடி கப்பலேறிப் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே இருக்கிறது. இன்று தென்காசியில் உட்கார்ந்து கைபேசியில் அதன் இலை நரம்பை எண்ணலாம். இதைவிடப் பெரிய விநோதத்தை எந்தப் பட்டியலும் தருவதில்லை.

நூல்களின் வழி

'இன்டர்நெட் ஆர்கைவ்' தளம் எல்லாரும் கேள்விப்பட்ட பெயர். அதில் தமிழ் நூல் தேடும் வழி மட்டும் பலருக்குத் தெரியாது. இந்தியாவின் டிஜிட்டல் நூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட ஏராளமான தமிழ் நூல்கள் அங்கே ஏற்றப்பட்டுள்ளன. தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், ஏற்றியவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி இருக்கும். 'குறவஞ்சி' என்ற ஒரே சொல்லை நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். 'திரு' என்பதில் 'ஹெச்' போட்டும் போடாமலும் தேடுங்கள். ஒரு நல்ல நூல் கிடைத்ததும், அதை ஏற்றிய கணக்கின் பெயரைத் தொட்டு, அவர் வேறு என்ன ஏற்றியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே ரசனை உள்ளவர் ஏற்றிய அடுத்த நூறு நூல்கள் அங்கே வரிசையாக இருக்கும். தேடலால் கிடைக்காதது இப்படிக் கிடைப்பதுண்டு.

தென்காசிப் பகுதிக்கு அங்கே முதலில் படிக்க வேண்டியவை: ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மானுவல் (1879), கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881), எச்.ஆர். பேட் தொகுத்த மாவட்ட கெசட்டியர் (1917). மூன்றும் ஆங்கில நூல்கள். கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருந்தால் முதலில் அங்கே போய் ஊர்ப்பெயரைப் பாருங்கள். தென்காசிப் பாண்டியரின் கல்வெட்டுகளுக்கு, கோபிநாத ராவ் பதிப்பித்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியைத் தேடுங்கள். தமிழ்நாட்டு ஊரின் கல்வெட்டு திருவிதாங்கூர் வரிசையில் இருக்கும் என்று யாரும் முதலில் நினைப்பதில்லை. நம் பெயர்த்தாள் இங்கேதான் உதவும்.

தமிழ் இலக்கியத்துக்கு நான்கு வாசல்கள் உண்டு.

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் எதுவும் வாங்காமல் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தந்தார்கள். மேலகரத்துக் கவி திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி முழுவதும் அங்கே எழுத்து வடிவில் இருக்கிறது. எழுத்து வடிவில் இருப்பதால் ஒரு மரத்தின் பெயரையோ அருவியின் பெயரையோ கொடுத்து நூலுக்குள்ளேயே தேடலாம்.

இரண்டாவது, பேராசிரியர் ப. பாண்டியராஜா உருவாக்கிய 'தமிழ் கன்கார்டன்ஸ்' தளம். சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று அடி அடியாகக் காட்டும் தொடரடைவு அது. ஒரு தனிமனிதரின் உழைப்பு இவ்வளவு தூரம் போக முடியுமா என்று அங்கே போனவர் ஒவ்வொருவரும் வியப்பார்கள். 'சாரல்' என்ற சொல்லை அதில் தேடிப் பாருங்கள். தென்காசிக்காரருக்கு அது மழைத்தூறல். பழம்பாடல்களில் மலைச்சரிவாக எத்தனை இடத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007-ல் வெளியிட்ட டிஜிட்டல் தேவாரம். பாடலோடு வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையும், தலங்களின் வரைபடமும் உண்டு. திருக்குற்றாலத்துக்கும், அங்குள்ள தலமரமான குறும்பலாவுக்கும் திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களை அதில் எடுக்கலாம்.

நான்காவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். குற்றாலத்தில் வாழ்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கம்பரைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் பெயரை அங்கும் இன்டர்நெட் ஆர்கைவிலும் தேடுங்கள். அவர் மறைந்தது 1954. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆகவே அவர் வாழ்நாளில் வெளியானவை 2015 தொடக்கத்திலிருந்து பொதுச்சொத்து. எந்தத் தயக்கமும் இல்லாமல் இறக்கிப் படிக்கலாம், பகிரலாம்.

நம் மாநிலத்துக்கு வெளியே ஒரு வாசல் உண்டு. 2005-ல் தொடங்கிய இலங்கைத் தமிழரின் 'நூலகம்' தளம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நினைவு இன்னும் ஆறாத ஒரு சமூகம், சிறு ஊர்ப் பள்ளி மலர்களையும் கோயில் கும்பாபிஷேக மலர்களையும் கூட விடாமல் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. ஓர் ஊரின் நினைவைக் காப்பது எப்படி என்று பார்க்கவே அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

படமும் ரயிலும்

பழைய படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ், பிரிட்டிஷ் லைப்ரரி, இந்திய அரசின் 'இந்தியன் கல்சர்' தளம் ஆகிய மூன்றிலும் பெயர்த்தாளை வைத்துத் தேடுங்கள். 1792-ல் தெற்கே வந்த தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் இருவரும் வரைந்த பாபநாசம் அருவியின் படம் இணையத்தில் நல்ல தெளிவோடு கிடைக்கிறது. காமன்ஸில் ஒரு படத்தின் கீழே உள்ள 'பகுப்பு' என்ற வரியைத் தொட மறக்காதீர்கள். அதே இடத்தின் மற்ற படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

படத்தில் ஆண்டு போடவில்லை என்றால் படத்துக்குள்ளேயே சான்று தேடலாம். தென்காசி காசிவிசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து மொட்டையாக நின்று, புதிதாகக் கட்டப்பட்டு 1990-ல் குடமுழுக்குக் கண்டது. கோபுரம் மொட்டையாகத் தெரிந்தால் அந்தப் படம் 1990-க்கு முந்தையது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கட்டடம் இருக்கும்: தண்ணீர்த் தொட்டி, தியேட்டர், பாலம். அது வந்த ஆண்டைத் தெரிந்துகொண்டால், தேதியில்லாத எத்தனையோ படங்களைக் காலவரிசையில் அடுக்கலாம்.

மனிதர்களின் படம் வேண்டுமானால், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் லைப்ரரியின் திட்டத்துக்குள் போங்கள். தமிழ்நாட்டுப் போட்டோ ஸ்டூடியோக்களில் இருந்த பழைய படங்களைச் சேகரித்த பகுதி ஒன்று அங்கே இருக்கிறது. வரைந்த திரைக்கு முன் மேசையில் கைவைத்து நிற்கும் கணவன் மனைவி, புதுச்சட்டையில் பிள்ளைகள். நம் தாத்தா பாட்டி காலம் அதில் இருக்கிறது.

ரயிலுக்கு ஒரு தனி உலகமே உண்டு. ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்ற இந்திய ரயில் ஆர்வலர் குழு 1989-ல், வலைத்தளம் என்பதே பரவாத காலத்தில், மின்னஞ்சலில் தொடங்கியது. இன்ஜின் வகை, சிக்னல் முறை, பழைய கால அட்டவணை, படங்கள் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவு அங்கே இருக்கிறது. செங்கோட்டை–கொல்லம் பாதை 1904-ல் திறந்தது. அதன் மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் 2010-ல் நின்றது. அகலப் பாதை முழுதாக ஓடத் தொடங்கியது 2018-ல். ஆகவே, மீட்டர் கேஜ் ரயில் அந்தப் பாதையின் பதிமூன்று கண் பாலத்தைக் கடக்கும் வீடியோ வேண்டுமானால் 2010 வரையிலான பதிவுகளைத்தான் தேட வேண்டும். யூடியூப் தேடலில் ஊர்ப்பெயருக்குப் பின், 'முன்பு' என்று பொருள்படும் 'பிஃபோர்' என்ற ஆங்கிலச் சொல்லையும், இடைவெளி விடாமல் இரு புள்ளியையும், 2011 என்ற ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். புதிய வீடியோக்கள் விலகிக்கொள்ளும். கைநடுங்க எடுத்த, சிலநூறு பேர் மட்டுமே பார்த்த பழைய பதிவுகள் மேலே வரும்.

இந்த நிமிடத்துக் காற்றும் பறவையும்

எல்லா மூலைகளும் பழையவை அல்ல. 'எர்த் நல்ஸ்கூல்' என்ற தளத்தைத் திறந்தால், உலக உருண்டையின் மேல் காற்று கோடுகளாக ஓடும். 2013-ல் கேமரன் பெக்காரியோ என்பவர் தனியாக உருவாக்கியது. ஜூன், ஜூலையில் அதைத் தென்னிந்தியாவுக்குத் திருப்பிப் பாருங்கள். அரபிக்கடலிலிருந்து காற்று தொடர்ந்து கேரளக் கரையில் மோதுவது தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையின் பெரும்பங்கைத் தன் மேற்குச் சரிவிலேயே நிறுத்திக்கொள்கிறது. ஆரியங்காவு என்றும் சொல்லப்படும் செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் ஈரக்காற்று இந்தப் பக்கம் நுழைகிறது. குற்றாலத்துச் சாரலும், சுரண்டை, ஆய்க்குடிப் பக்கத்துக் காற்றாலைகளும் அந்த வாசலின் பயன். கணவாயை அருகில் பார்க்க 'விண்டி' தளத்தில் வரைபடத்தைப் பெரிதாக்குங்கள்.

பறவைகளுக்கு 'இபேர்டு'. அதன் வரைபடத்தில் குற்றாலத்தைச் சுற்றியுள்ள குறிகளைத் தொட்டால், எந்த மாதத்தில் எந்தப் பறவை பதிவானது என்ற பட்டியல் வரும். குரலுக்கு 'செனோ-கான்டோ'. உலகெங்கும் ஆர்வலர்கள் பதிவுசெய்த பறவைக் குரல்கள் அங்கே சேர்கின்றன. மலை ஓடைகளின் ஓரத்தில் மனிதர் சீட்டியடிப்பதுபோல் கூவும் சீகாரப் பூங்குருவியின் குரலை முதலில் அங்கே கேட்டுக்கொண்டு, பிறகு அருவிக்குப் போய்ப் பாருங்கள். காது தானாகவே அதைப் பிரித்துக் கேட்கும்.

சும்மா உலவ வேண்டும் என்று தோன்றும் நாளுக்கு இரண்டு இடங்கள். 2020 ஊரடங்கில் சிங்கப்பூரில் வாழும் சோனாலி ரஞ்சித், வைஷ்ணவ் பாலசுப்பிரமணியம் தம்பதி தொடங்கிய 'விண்டோஸ்வாப்' உலகத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சன்னலுக்கு வெளியே தெரிவதைக் காட்டும். 'ரேடியோ கார்டன்' உலக உருண்டையைச் சுழற்றி எந்த ஊர் வானொலியையும் கேட்கவைக்கும். தமிழ் கேட்கும் இடங்களை உலகம் முழுவதும் அதில் தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

மறைந்துபோன தளங்கள்

1995-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்து வலையில் ஏறியது. அடுத்த பத்தாண்டில் எத்தனையோ பேர் சொந்தமாகத் தமிழ்ப் பக்கங்கள் அமைத்தார்கள். பலர் பயன்படுத்திய ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. அவற்றில் பல பக்கங்களை இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்' சேமித்து வைத்திருக்கிறது. பழைய முகவரியை அதன் பெட்டியில் போட்டால் ஆண்டுவாரியாகப் பட்டியல் வரும். முகவரிகளுக்கு 2000-ஐ ஒட்டி வந்த தமிழ்க் கணினி நூல்களையும் பத்திரிகைகளையும் புரட்டுங்கள். பக்கம் திறந்து எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பழைய குறியேற்றம். உரையை நகலெடுத்து, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் ஏதேனும் ஒரு மாற்றியில் ஒட்டினால் தமிழ் தெளிவாகிவிடும்.

இன்று கண்டுபிடித்த நல்ல பக்கமும் நாளை மறையலாம். அதே வேபேக் மெஷினில் 'இந்தப் பக்கத்தைச் சேமி' என்ற வசதி இருக்கிறது. பிடித்த பக்கம் எதுவானாலும் உடனே அதில் சேமித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* பழைய நூலில் உள்ளது என்பதாலேயே அது உண்மை ஆகாது. கெசட்டியர் எழுதியவர்கள் ஆட்சியாளர் கண்ணால் பார்த்தவர்கள். சாதிகளைப் பற்றியும் பழங்குடிகளைப் பற்றியும் அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் பகிராதீர்கள்.
* சீசன் நேரத்தில் 'இப்போது பேரருவியில் வெள்ளம்' என்று வரும் வீடியோவுக்கு ஆண்டைக் கண்டுபிடியுங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐயில் படத்தைக் கொண்டு தேடினால் முன்பே வந்ததா என்று தெரியும். குளிக்கலாமா என்பதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.
* இந்த இயலில் சொன்ன தளங்கள் பொதுவாகப் படிப்பதற்கோ பார்ப்பதற்கோ பணமோ ஓ.டி.பி.-யோ கேட்பதில்லை. கேட்கும் பக்கம் போலியாக இருக்கலாம். மூடிவிடுங்கள்.
* நூல் ஸ்கேன்கள் பெரிய கோப்புகள். டேட்டா குறைவாக இருந்தால் முழுவதையும் இறக்காமல் தளத்திலேயே பக்கம் பக்கமாகப் படியுங்கள்.
* ஒரு குறிப்பேடு வையுங்கள். தேடிய சொல், தளம், தேதி, கிடைத்தது என நான்கு பத்திகள். எந்த எழுத்துக்கூட்டலில் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை நேரம் மிச்சம்.

நீங்கள் சேர்க்க வேண்டியது

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. உலகம் பயன்படுத்தும் மென்பொருள் வயலோரத்தில் எழுதப்படுகிறது. அந்த அளவுக்கு இணையம் இந்த மண்ணுக்குள் வந்துவிட்டது. ஆனால் மேலகரத்தில் கவிராயருக்குத் தானமாகக் கிடைத்த குறவஞ்சிமேடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுங்கள். உங்கள் ஊரின் குளத்துக்கும் ஓடைக்கும் மக்கள் சொல்லும் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் காலியாகத்தான் இருக்கும்.

அந்தக் காலியிடத்தை நிரப்ப வேண்டியவர் ஊரைத் தெரிந்தவர்தான். இந்த இயலில் பார்த்தவற்றில் பலவும் யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து தட்டியதாலும், ஸ்கேன் செய்ததாலும், குறித்து வைத்ததாலும் நமக்குக் கிடைத்தவை. எனவே இந்த இயலின் பயிற்சி தேடுவதோடு முடிவதில்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்றையாவது இந்த வாரம் செய்யுங்கள்.

1. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, உங்கள் தெருவின் கோயில், கிணறு, குளம் எதற்காவது ஊரார் சொல்லும் பெயரைத் தமிழில் சேருங்கள்.
2. நீங்களே எடுத்த ஒரு படத்தை, இடம், தேதி, என்ன தெரிகிறது என்ற குறிப்போடு விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். பிறர் எடுத்த படத்தை அவர் அனுமதியின்றி ஏற்றக் கூடாது.
3. கால்மணி நேரம் மொட்டை மாடியில் நின்று கண்ட பறவைகளை இபேர்டில் பதியுங்கள். காகமும் மைனாவும் மட்டுமே வந்தாலும் அது பயனுள்ள பதிவுதான்.
4. வீட்டில் பழைய கோயில் மலரோ பள்ளி மலரோ இருந்தால் தூசி தட்டி எடுத்து, அதை வெளியிட்டவர்களிடம் கேட்டு, ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றுங்கள். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். ஊரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் குறிச்சொற்களில் சேருங்கள்.

நான்காவதைச் செய்யும்போது, நீங்கள் முதலில் எழுதிய பெயர்த்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடித் தவித்த எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் உங்கள் பதிவில் போட்டுவிட்டால், அடுத்து உங்கள் ஊரைத் தேடி வருகிறவர் முதல் முயற்சியிலேயே அதைக் கண்டடைவார்.